எந்த மேக் ஹார்ட் டிஸ்க் நல்லது என்று கேட்பவர்களுக்கு

கிளிநொச்சியில் ஸ்டூடியோ நடத்துகிறேன். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று எடுக்கிற படமும் வீடியோவும் ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. முன்பெல்லாம் அல்பமும் டிவிடியும் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். இப்போது லப்டொப்பில் டிவிடி போடும் இடமே இல்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தரச் சொல்கிறார்கள். கூடவே எந்தக் கொம்பனியின் டிஸ்க்கை வாங்குவது என்ற கேள்வியும் வரும். "தம்பி, எந்த மேக் நல்லது?"

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். கடைக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், தங்களிடம் எது அதிகம் தேங்கி நிற்கிறதோ அதன் பெயரை. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை. வன்னியில் படம் என்பது சும்மா ஒரு பொருள் இல்லை. 2009க்கு முன்னர் எடுத்த படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் இங்கே நிறைய. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகும்போது அல்பங்களை எங்கோ ஒரு பங்கருக்குள் விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். அடையாள அட்டையோடு பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்த ஒரேயொரு படத்தை, தண்ணீர் பட்டு அரைவாசி அழிந்த படத்தை, ஸ்கான் பண்ணிப் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். விசுவமடுப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா அப்படி ஒரு படத்தைத் தந்துவிட்டு, "தம்பி, பத்து வருஷத்துக்குப் பிறகும் இதுக்குள்ள பிள்ளையின்ர படம் இருக்குமோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு கொம்பனியின் பெயர் பதிலாகாது. ஏன் ஆகாது என்பதைத்தான் விபரமாக எழுத நினைக்கிறேன்.

கடையில் எட்டுப் பத்துப் பெயர்கள் இருக்கும். ஆனால் உள்ளே சுழல்கிற ஹார்ட் டிஸ்க்கைச் செய்பவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்றவர்கள் இந்த மூவரில் ஒருவரிடம் டிஸ்க்கை வாங்கி, தங்கள் கூட்டுக்குள் வைத்து, தங்கள் பெயரை ஒட்டி விற்கிறார்கள். டிரான்சென்டின் இறப்பர் உறை போட்ட டிஸ்க்கும் ஏடேட்டாவின் டிஸ்க்கும் அப்படித்தான். உறை நல்லதாக இருக்கலாம், கீழே விழுந்தால் கொஞ்சம் தாங்கலாம். உள்ளே யாருடைய டிஸ்க் என்பது பெட்டியில் எழுதியிருக்காது. ஒரே பெயரில் இந்த வருடம் ஒருவருடையதும் அடுத்த வருடம் இன்னொருவருடையதும் இருக்கலாம். மக்ஸ்டரை 2006இல் சீகேட் வாங்கியது. சாம்சுங்கின் ஹார்ட் டிஸ்க் வியாபாரத்தை 2011இல் அதே சீகேட் வாங்கியது. அதற்குப் பிறகும் சில காலம் சாம்சுங் பெயரில் டிஸ்க் வந்துகொண்டிருந்தது. ஃபுஜிட்சுவின் டிஸ்க் பிரிவு 2009இல் தோஷிபாவிடம் போனது. "நான் எப்பவும் சாம்சுங்தான்" என்று சொன்ன ஆட்கள் எனக்குத் தெரியும். அவர்கள் கடைசியாகப் பாவித்தது சீகேட்.

பெயரை நம்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2000ஆம் ஆண்டளவில் ஐபிஎம் கொம்பனி டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்று ஒரு டிஸ்க் விட்டது. அது பழுதான வேகத்தைப் பார்த்து டெஸ்க்ஸ்டாரை டெத்ஸ்டார் என்றே சனம் கூப்பிடத் தொடங்கியது. வழக்கு வரை போன விஷயம். பிறகு 2003இல் அந்தப் பிரிவை ஹிட்டாச்சி எடுத்தது. சில வருடங்கள் போக, அதே வழியில் வந்த ஹிட்டாச்சி டிஸ்க்குகள்தான் மிகக் குறைவாகப் பழுதாகின்றவை என்று பெயரெடுத்தன. பிறகு அதையும் 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிவிட்டது. ஆக, பத்து வருடத்துக்குள் ஒரே பரம்பரை கடைசியிலிருந்து முதலாவதாக வந்திருக்கிறது. உங்கள் மாமா 2005இல் பாவித்த டிஸ்க்கை வைத்து இன்றைய டிஸ்க்குக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

எண்ணிக்கையோடு பேச விரும்புபவர்களுக்கு நம்பக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற சேமிப்புக் கொம்பனி 2013இலிருந்து தன்னிடம் ஓடுகிற டிஸ்க்குகளை மொடல் வாரியாகக் கணக்கெடுத்து வெளியிடுகிறது. அவர்களுடைய கணக்கில் 2022இல் வருடத்துக்கு 1.37 வீதமும் 2023இல் 1.70 வீதமும் பழுதாகியிருக்கின்றன. அதாவது நூறு டிஸ்க்கில் வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. ஆனால் எனக்குப் பெரிய பாடமாகப் பட்டது இந்தச் சராசரி இல்லை. ஒரே கொம்பனிக்குள் மொடலுக்கு மொடல் இருக்கிற வித்தியாசம்தான். சீகேட்டின் எஸ்டி3000டிஎம்001 என்ற 3 டெராபைட் மொடல் அவர்களிடம் ஏராளமாகப் பழுதாகிப் போனது. அதே சீகேட்டின் 4 டெராபைட் மொடல் அவ்வளவு மோசமில்லை. அப்படியானால் 'சீகேட் கூடாது' என்பதும் சரியில்லை, 'சீகேட் நல்லது' என்பதும் சரியில்லை.

அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டவும் முடியாது. அவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் பெரிய 3.5 அங்குல டிஸ்க்குகள். குளிரூட்டிய கட்டடத்துக்குள், அசையாமல், இரவு பகலாக ஓடுபவை. நாங்கள் பாவிப்பது சின்ன 2.5 அங்குல டிஸ்க். முல்லைத்தீவுக்கு மோட்டார் சைக்கிள் பையில் போய்வருவது, புழுதிக்குள் திறக்கப்படுவது, கரண்ட் போய் வருகிற வீட்டில் செருகப்படுவது. இரண்டுக்கும் வருகிற வருத்தங்கள் வேறு.

இணையக் கடைகளில் இருக்கிற நட்சத்திரங்களையும் நான் பெரிதாக எடுப்பதில்லை. வாங்கி இரண்டாம் நாள் ஐந்து நட்சத்திரம் போடுகிறவர் பெட்டியின் அழகைத்தான் சொல்கிறார். ஒரு வருடம் கழித்து எழுதுபவர்களை மட்டும் தேடிப் பார்ப்பேன். ஒரே குறையைப் பலர் சொல்கிறார்களா என்றும் பார்ப்பேன். 'பழுதாகிவிட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால் அதிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. 'செருகுகிற இடம் ஆடுகிறது, கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் வேலை செய்கிறது' என்று நாலு பேர் எழுதினால் அது அந்த மொடலின் குணம்.

கேபிள் என்றவுடன் ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் 'செத்துப்போச்சு' என்று வருகிற டிஸ்க்குகளில் ஒரு நல்ல பங்கு சாகவில்லை. தர்மபுரத்துத் தம்பி ஒருவர் டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணை, இந்த மேக் சரிவராது. வாங்கி ஒரு வருஷமும் ஆகேல்ல, டிக் டிக் எண்டு சத்தம் போடுது" என்றார். "வயரையும் கொண்டுவந்தனீரோ?" என்று கேட்டேன். "அது துலைஞ்சு போச்சு. வீட்டில கிடந்த வயர்தான் அண்ணை." நீளமான, மெல்லிய வயர். என்னிடம் இருந்த குட்டைக் கேபிளால் நேரே கொம்பியூட்டரின் நீல நிற யூஎஸ்பியில் குத்தினேன். டிஸ்க் சத்தமில்லாமல் எழும்பியது, படங்கள் எல்லாம் இருந்தன.

நடந்தது இதுதான். யூஎஸ்பி 2.0 வாசல் 500 மில்லிஅம்பியர்தான் தர வேண்டியது, 3.0 என்றால் 900. டிஸ்க் சுழலத் தொடங்குகிற அந்தக் கணத்தில் அதற்குக் கூடுதலாகக் கரண்ட் வேண்டும். மெல்லிய நீள வயரில் வோல்டேஜ் இறங்கிவிடும். டிஸ்க் எழும்பப் பார்த்து விழும், மறுபடி எழும்பப் பார்க்கும், அந்தச் சத்தம்தான் கேட்கும். பழைய மேசைக் கொம்பியூட்டரின் முன்பக்க வாசலில் குத்தினாலும் இப்படி நடக்கும். இதைத் தெரியாமல் எத்தனை பேர் ஒரு கொம்பனியின் பெயரைக் கெடுத்துக்கொண்டு திரிகிறார்களோ! டிஸ்க்கோடு வந்த கேபிளை டிஸ்க்கோடேயே வைத்திருங்கள். பின்பக்க வாசலில் குத்துங்கள். அதற்குப் பிறகும் டிக் டிக் என்றால் அப்போது பயப்படலாம்.

கொம்பனிக்குக் கொம்பனி உண்மையாகவே வித்தியாசம் இருக்கிற இடம் ஒன்று உண்டு. அது பழுதான பிறகுதான் தெரியவரும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் போன்ற பல சின்ன டிஸ்க்குகளில் யூஎஸ்பி வாசல் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த வாசல் உடைந்தால், உள்ளே டிஸ்க் நன்றாக இருந்தாலும், கழற்றி இன்னொரு கூட்டுக்குள் போட்டுப் பார்க்க முடியாது. மை பாஸ்போர்ட் பலவற்றில், நீங்கள் கடவுச்சொல் வைக்காவிட்டாலும், எழுதுவதெல்லாம் உள்ளேயே பூட்டப்பட்டுத்தான் எழுதப்படுகிறது. ஆகவே மீட்பது இன்னும் சிரமம். சீகேட்டின் சின்ன டிஸ்க்குகள் பலவற்றில் உள்ளே சாதாரண லப்டொப் டிஸ்க்கும் அதன் முனையில் ஒரு சிறிய யூஎஸ்பி அட்டையும் தனித்தனியாக இருக்கும். அட்டை மட்டும் போனால் வேறு கூடு போட்டு எடுத்துவிடலாம். எது அடிக்கடி பழுதாகும் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் கொழும்புக்கு 330 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்களுக்கு, பழுதானால் இங்கேயே கை வைக்க முடியுமா என்பது பெரிய விஷயம்.

எந்த வழியால் வந்த டிஸ்க் என்பதை மேக்கை விட நான் அதிகம் பார்க்கிறேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது டிஸ்க் விலை எங்கேயோ போனது. அந்த நேரம் 'பெட்டியில்லாத புதுசு' என்று மலிவான சரக்கு நிறையப் புழங்கியது. பாவித்த டிஸ்க்கைத் துடைத்துப் புதுக்கூட்டில் போட்டால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவிலேயே, சர்வர்களில் பல்லாயிரம் மணித்தியாலம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் கணக்கை அழித்து யாரோ புதிது என்று விற்றது வெளியே வந்தது. செய்தது சீகேட் இல்லை, இடையில் இருந்தவர்கள். 16 டெராபைட் என்று சொல்லிச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற சின்ன எஸ்எஸ்டிகளும் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வருகின்றன. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மெமரி கார்ட்தான் இருக்கும். 16 டெராபைட் என்று காட்டும், நிரம்பியதும் பழையதற்கு மேலேயே எழுதிக்கொண்டு போகும். படங்களின் பெயர்கள் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது.

அதனால் வாங்கும்போது பெட்டியில் இருக்கிற சீரியல் நம்பரும் டிஸ்க்கில் இருக்கிற சீரியல் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். அந்த நம்பரைக் கொம்பனியின் இணையத்தளத்தில் போட்டால் வொறண்டி எதுவரை என்று காட்டும். இலங்கை முகவரின் ஸ்டிக்கர் இருக்கிறதா, ஒரு வருடமா மூன்று வருடமா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருகிற டிஸ்க்கில் ஒரு பிரச்சினை உண்டு. என் மச்சான் அன்போடு கொண்டுவந்த ஒன்று சில மாதங்களில் நின்றுபோனது. வாங்கிய நாட்டில்தான் மாற்றித் தருவார்களாம். அடுத்த முறை யாராவது போகும்வரை அது லாச்சியில் கிடந்தது.

வொறண்டி என்பது டிஸ்க்குக்குத்தான். படத்துக்கு இல்லை. பழுதானதைக் கொடுத்தால் வேறு ஒன்று தருவார்கள், உங்கள் டிஸ்க் திரும்ப வராது. வீட்டுப் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டுப் படம் இருக்கிற டிஸ்க்கை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுக்க நான் யாருக்கும் சொல்வதில்லை. அந்தக் காசு போனாலும் பரவாயில்லை.

சரி, வாங்கி வந்தாயிற்று. முதல் நாளே கலியாண வீடியோவைப் போடாதீர்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதுசு என்றால் பூச்சியம் அல்லது அதற்குக் கிட்ட இருக்க வேண்டும். பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இன்னொரு இலவச மென்பொருளால் டிஸ்க்கை முழுவதும் நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்க்க விடுங்கள். 1 டெராபைட்டுக்கு ஆறேழு மணித்தியாலம் எடுக்கும். பட்டரி உள்ள லப்டொப்பில் இரவு போட்டுவிட்டுப் படுக்கலாம். போலி டிஸ்க் இதில் தப்பாது. செய்யும்போதே பிழையோடு வந்த நல்ல கொம்பனி டிஸ்க்கும் பெரும்பாலும் இதிலேயே தன்னைக் காட்டிவிடும். அப்போது படம் ஒன்றும் உள்ளே இல்லாததால் கவலையில்லாமல் கடையில் கொடுத்து மாற்றலாம்.

கொப்பி பண்ணும்போது முதலில் வேகமாகப் போய்ப் பிறகு வேகம் விழுந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். இப்போதைய 2.5 அங்குல டிஸ்க்குகள் பலவற்றில் தடங்களை ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி எழுதுகிறார்கள். அதனால்தான் அந்தத் தாமதம். அவை பழைய படங்களை வைத்திருக்கப் போதும். எடிட்டிங் செய்ய வாங்காதீர்கள்.

அந்தக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை ஒவ்வொரு சில மாதத்துக்கும் ஒருமுறை திறந்து பாருங்கள். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள் முக்கியம். கெட்டுப்போன இடங்களை ஒதுக்கிய எண்ணிக்கை, சந்தேகத்தில் நிற்கிறவை, வாசிக்கவே முடியாதவை. பூச்சியமாக இருந்தது மாறினால் அன்றைக்கே கொப்பி எடுக்க வேண்டும். கூகிள் கொம்பனி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் முறையாக ஒரு வாசிப்புப் பிழை கண்ட டிஸ்க், அப்படிக் காணாததைவிட அடுத்த 60 நாளுக்குள் பழுதாக 39 மடங்கு வாய்ப்பு என்று கண்டார்கள். ஆனால் அதே ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் 56 வீதமானவை முக்கியமான அறிகுறிகள் ஒன்றையும் காட்டாமலே போயிருந்தன. நீல நிறத்தில் 'நல்லது' என்று காட்டுவதை நம்பி ஒரே கொப்பியோடு இருக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் டிஸ்க்கைக் கொல்லுவது பெரும்பாலும் கரண்டும் அசைவும்தான். ஐப்பசி கார்த்திகை மழையோடு வருகிற மின்னல், தோட்டத்து மோட்டார் போடும்போது விழுகிற வோல்டேஜ். 2022 பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்திய காலத்தில், எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றுபோன டிஸ்க்குகள் எத்தனையோ வந்தன. விண்டோஸில் மட்டும் பாவிப்பதென்றால் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபோர்மட் பண்ணுங்கள். எக்ஸ்ஃபட் என்ற மற்ற முறையை விட இப்படியான நிறுத்தத்தை அது தாங்கும். மின்னல் நேரத்தில் கழற்றி வையுங்கள். அடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்கை மேசையில் இழுக்கவே கூடாது. தட்டு நிமிடத்துக்கு 5400 தரம் சுழல்கிறது, வாசிக்கிற தலை அதற்கு மேலே தலைமயிரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் நிற்கிறது. அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு கையில் எடுங்கள்.

எஸ்எஸ்டி என்றால் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதே என்று கேட்கிறார்கள். விழுவதைத் தாங்கும், உண்மை. நானும் கலியாண வீடுகளுக்கு அதைத்தான் கொண்டு போகிறேன். ஆனால் வருடக்கணக்கில் அலுமாரியில் பூட்டி வைக்க அதைக் கொடுப்பதில்லை. கரண்ட் இல்லாமல் கிடந்தால், அதுவும் சூட்டில், உள்ளே படங்களைப் பதிந்து வைத்திருக்கிற மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும். சித்திரை வெயிலில் தகரக் கூரை வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த அம்மாவுக்கு நான் செய்தது இதுதான். வேறு வேறு கொம்பனியின் இரண்டு டிஸ்க், வேறு வேறு கடையில் வாங்கியது. ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மொடலில் இரண்டு வாங்கினால் இரண்டும் ஒரே தொகுதியில் செய்தவையாக இருக்கலாம், ஒன்றுக்கு இருக்கிற குறை மற்றதற்கும் இருக்கலாம். ஒன்று அவரிடம், மற்றது வவுனியாவில் இருக்கிற மகள் வீட்டில். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது, ஒரே அலுமாரியில் இரண்டு கொப்பி வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்துதான் நனைந்தன. மிக முக்கியமான படங்களை மட்டும் பொறுக்கி, கூகிள் இலவசமாகத் தருகிற 15 ஜிகாபைட்டுக்குள் ஏற்றிக் கொடுத்தேன். கலியாண வீடியோ அதற்குள் அடங்காது, படங்கள் அடங்கும். வருடத்துக்கு ஒருமுறை, மாவீரர் நாளுக்கு முன்னர், இரண்டு டிஸ்க்கையும் கொண்டுவாருங்கள், திறந்து பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வருகிறார். ஐந்தாறு வருடம் ஆனதும், நன்றாக இருந்தாலும், புதிதுக்கு மாற்றச் சொல்வேன்.

இத்தனையும் செய்யாமல் ஒரே கொப்பி இருக்கிற டிஸ்க் நல்ல கேபிளிலும் டிக் டிக் என்று சத்தம் போட்டால், உடனே கழற்றுங்கள். திரும்பத் திரும்பக் குத்திப் பார்க்கப் பார்க்கத் தலை தட்டைச் சுரண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் சரிவரும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; செய்யாதீர்கள், உள்ளே ஈரம் படியும். ஊர்க் கடையில் மூடியைத் திறக்க விடாதீர்கள். எங்கள் புழுதியில் ஒரு துணிக்கை போதும். கொழும்பில் மீட்புச் செய்யும் இடங்கள் இருக்கின்றன. பார்ப்பதற்கு எவ்வளவு, எடுத்துத் தருவதற்கு எவ்வளவு, எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு என்று தொலைபேசியில் முதலே கேட்டுவிட்டு, பஞ்சு போன்ற உறையில் சுற்றி, தபாலில் போடாமல், நம்பிக்கையான ஆளிடம் கையில் கொடுத்து அனுப்புங்கள்.